‘எந்தப் படத்துக்கு?’ – எங்கள் உப்பளப் பாடல்கள் பத்திரிகைக்குப் போன வழி

தமிழ்நாட்டில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு போன் செய்து, “புதிதாகப் பாட்டு வெளியிடுகிறோம்” என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, “எந்தப் படத்துக்கு?” என்பதுதான். படத்துக்கு இல்லை, நாங்களே எழுதி நாங்களே பாடியது என்று விளக்கினால், “மெயில் போடுங்கள், பார்க்கிறோம்” என்பார்கள். சுயாதீன இசைக்குழுக்கள் பலவற்றின் பத்திரிகை அனுபவம் அந்த மெயிலோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி கேட்பவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட பழக்கம் இருக்கிறது. 1958-இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய படத்துக்காகப் பத்திரிகையாளர்களைத் தொடர்புகொள்ளும் வேலையை ஏற்ற பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்கிறோம். அன்றிலிருந்து படத்தின் புகைப்படமும் செய்தியும் நிருபரின் மேசைக்குத் தானாக வந்து சேர்கின்றன. சினிமாப் பாட்டைப் பற்றி எழுத நிருபர் தேடிப் போக வேண்டியதே இல்லை. கர்நாடக இசைக்கும் பத்திரிகையில் பழைய இடம் உண்டு. ஆனந்த விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதி எழுதிய காலத்திலிருந்தே கச்சேரி விமர்சனம் என்பது நம் வாசகர்களுக்குப் பழகிய சங்கதி. மார்கழி வந்தால் ஆங்கில நாளிதழ்களில் பக்கம் பக்கமாக சபா விமர்சனங்கள் வருகின்றன. இந்த இரண்டிலும் சேராத பாட்டுக்குத்தான் அலுவலகத்தில் தனி ஆளும் இல்லை, தனிப் பக்கமும் இல்லை. நம் மெயிலை யாரிடம் அனுப்புவது என்று அங்கிருப்பவருக்கே தெரியாது.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். குழுவில் நான்கு பேர். நான் பாடி, கிட்டார் வாசிக்கிறேன். மற்றவர்கள் தவில், வயலின், ஒலிப்பதிவு. எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் வேலைக்கு நடுவே பாடும் தெம்மாங்கு மெட்டுகளைக் கேட்டு, அவர்களோடு உட்கார்ந்து, அவர்களையும் பாடவைத்து ஓர் ஆல்பம் செய்தோம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான்; அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தினுடையது. கடையில் உப்பு பாக்கெட்டை வாங்குகிறவர்கள் அதை வாரிய கைகளின் குரலையும் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் எங்களை ஓட்டியது. அந்த ஆசை உண்மையானது. ஆனால் ஒரு நாளிதழ் இடம் கொடுப்பதற்கு ஆசை மட்டும் போதுமான காரணம் ஆகாது.

அதை எனக்குப் புரியவைத்தவர் சென்னையில் இருக்கும் இசை விமர்சகர் யாரும் இல்லை. எங்கள் பகுதியில் ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். வயதில் மூத்தவர், ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஆல்பத்தின் ஒரு பாட்டை போனில் முழுதாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “பாட்டு நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் நான் இதை அனுப்பினால், செய்தியைத் தேர்வு செய்யும் டெஸ்க்கில் இருப்பவர் ஒன்றுதான் கேட்பார். இதை ஏன் இன்றைக்குப் போட வேண்டும்? அதற்கு எனக்குப் பதில் கொடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பத்திரிகையை அணுகுவது பற்றி நான் படித்த அறிவுரைகள் எல்லாவற்றையும்விட இந்தச் சில வாக்கியங்கள் எங்களுக்கு அதிகம் உதவின. நாம் நிருபரிடம் நம் பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். அவரோ அடுத்த அரைமணி நேரத்தில் வேறொருவரிடம் நம் பாட்டுக்காகப் பேச வேண்டியிருக்கிறது. அங்கே அவர் சொல்லப்போகும் இரண்டு வாக்கியங்களை நாமே யோசித்துக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. “வித்தியாசமான முயற்சி”, “புதுமையான இசை” போன்ற சொற்கள் அந்த இடத்தில் பயன்படாது. எல்லாக் குழுவும் அதையேதான் சொல்கிறது.

தமிழ்நாட்டில் சுயாதீன இசை பெரிதாகப் பேசப்பட்ட தருணங்களை எடுத்துப் பாருங்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி 2015 ஜூலையில் வெளியானது. அதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியவர்கள் பெரும்பாலும் சுற்றுச்சூழல், வணிகச் செய்தியாளர்கள். 2016 மார்ச்சில், அந்த ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்படிக்கை செய்துகொண்டபோதும் செய்திகளில் அந்தப் பாட்டு நினைவுகூரப்பட்டது. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய பாட்டும் அப்படித்தான். புறம்போக்கு நிலம் என்றால் என்ன, அது யாருக்குச் சொந்தம் என்ற விவாதத்தோடு சேர்ந்தே அது செய்தியானது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது, சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சொல்லாட்சியிலிருந்து பெயர் எடுத்த ஒரு குழு கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருகிறது என்பதே செய்தியாக இருந்தது. இவை ஒவ்வொன்றிலும் ‘ஏன் இன்றைக்கு?’ என்ற கேள்விக்குப் பதில் பாட்டுக்குள்ளேயே இருந்தது. இசைப் பக்கம் இல்லையே என்று ஏங்குவதைவிட, நம் பாட்டுக்குப் பொருத்தமான பக்கம் ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று தேடுவது பலன் தரும். விவசாயம், கல்வி, மாவட்டச் செய்தி, பெண்கள் இணைப்பு, வணிகம் என்று எதுவாகவும் அது இருக்கலாம். எல்லாப் பாட்டும் போராட்டப் பாட்டாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காதல் பாட்டு பாடுகிறவர்களுக்கும் ஊர் உண்டு, மொழி உண்டு, வாத்தியம் உண்டு, அதைக் கற்றுக்கொடுத்தவர் உண்டு. அவற்றில் ஒன்று யாரோ ஒரு நிருபருக்கு ஏற்கெனவே அக்கறையுள்ள விஷயமாக இருக்கும்.

எங்கள் பாட்டுக்கு நாள் தேடினோம். உப்பென்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 1930-ஆம் ஆண்டு. ராஜாஜியின் தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் உப்பெடுத்தார்கள். அடுத்த நாளே மே தினம். இந்தியாவில் அது முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது 1923-இல், சிங்காரவேலர் முன்னின்று சென்னையில் நடத்திய கூட்டத்தில். ஏப்ரலும் மேயும் உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்கள் என்பதும் எங்களுக்கு முக்கியம். நிருபர் படம் எடுக்க வந்தால் பாத்தியில் உப்பு இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வந்தால் அங்கே தண்ணீர்தான் நிற்கும். மகளிர் தினத்தை யோசித்தோம், விட்டுவிட்டோம். அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் இடத்துக்குத் தள்ளுமுள்ளு.

கிழமையையும் யோசிக்க வேண்டும். 2015 ஜூலை முதல் உலகம் முழுவதும் புதிய இசை வெள்ளிக்கிழமையில் வெளியாவது வழக்கம். நம் ஊரில் வெள்ளிக்கிழமை புதுப்படம் வெளியாகும் நாள். பெரிய நடிகரின் படம் வரும் வெள்ளியில் கலைப் பக்கத்தில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அதனால் ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். மே தினச் சிறப்புக் கட்டுரைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் உதவி ஆசிரியர்களுக்கு அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே பாட்டைச் சமர்ப்பித்தால், நம்மைப் பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலில் அது சேரும். அந்த வேலையைப் பத்திரிகை வேலையோடு குழப்பிக்கொள்ளாமல் ஒருவரிடம் தனியாகக் கொடுத்துவிட்டோம்.

அடுத்தது, யாரிடம் முதலில் போவது. என் உறுதியான கருத்து: ஊர்ப் பதிப்புதான் முதலில். சென்னையில் இருக்கும் ஆங்கில இணைப்பிதழ்களையும் ரோலிங் ஸ்டோன் இந்தியா போன்ற இசை இதழ்களையும் மட்டுமே கனவு காண்கிறவர்கள், தங்கள் ஊரில் தினமும் கதவுக்கு வரும் பத்திரிகையை மறந்துவிடுகிறார்கள். தமிழ் நாளிதழ்களின் பலமே மாவட்டப் பக்கங்கள்தான். தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கியது. தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1957-இல் திருநெல்வேலிக்கு வந்தது. சென்னைக்கு வெளியே வேர்விட்டு வளர்ந்தவை இவை. ஒவ்வொரு பதிப்பிலும் அந்தந்த மாவட்டத்துக்கென்று பக்கங்கள் உண்டு. அவற்றை நிரப்ப ஒவ்வொரு நாளும் செய்தி தேவைப்படுகிறது. ஊர்க்காரர் ஒருவர் செய்த காரியம் அங்கே தயக்கமின்றி இடம்பெறும்.

எங்களைப் பற்றி முதலில் வந்தது அண்ணாச்சி அனுப்பிய சிறிய செய்தி. ஒரு பத்திதான், கூடவே ஒரு படம். அதைப் படித்துவிட்டு இன்னொரு நாளிதழின் மாவட்ட நிருபர் அழைத்தார். அவர் எழுதியதைப் பார்த்து ஒரு வார இதழின் உதவி ஆசிரியர் அழைத்தார். நிருபர்கள் மற்றப் பத்திரிகைகளைத் தினமும் படிக்கிறார்கள்; செய்தி அப்படித்தான் நகர்கிறது. சென்னையிலிருந்து வந்த ஒரு அழைப்பில்கூட, “உங்கள் மாவட்டப் பக்கத்தில் பார்த்தேன்” என்றுதான் பேச்சு தொடங்கியது.

மெயில் அனுப்பும்போது பொது முகவரிக்கு அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம். தொழிலாளர்களைப் பற்றியோ நாட்டார் கலைகளைப் பற்றியோ கடந்த சில மாதங்களில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் எழுதிய கட்டுரையைக் குறிப்பிட்டு எழுதினோம். பொருள் வரியில் ‘புதிய ஆல்பம் வெளியீடு’ என்று இல்லை. ‘உப்பளப் பெண்கள் பாடிய வேலைப் பாடல்கள் – மே தினத்தையொட்டி வெளியாகின்றன’ என்று இருந்தது. காலை பதினொரு மணியிலிருந்து மதியம் வரை நிருபரிடம் பேசலாம். மாலைக்கு மேல் பக்கம் முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். அப்போது அழைப்பது அவர்களுக்குத் தொந்தரவு. பதில் வராவிட்டால் சில நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் அழைத்தால் அடுத்த ஆல்பத்துக்கும் சேர்த்துக் கதவு மூடிக்கொள்ளும்.

இப்போது சொல்லப்போவது சின்ன விஷயம்போல் தெரியும். தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பும்போது இதைப் போல உதவுவது வேறில்லை. செய்திக்குறிப்பை பி.டி.எஃப். கோப்பாக அனுப்பாதீர்கள். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்துகள் உடைந்துவிடும். பக்கம் செய்பவர் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். நேரம் இல்லாவிட்டால் ஒதுக்கிவைத்துவிடுவார். யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாகவும், மெயிலின் உடலிலேயும் போட்டுவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் எல்லாம் வந்துவிட வேண்டும். இடம் குறைந்தால் பத்திரிகையில் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். நம் வாழ்க்கை வரலாறு கடைசிப் பத்தியில் இருக்கட்டும். எல்லோருடைய பெயரையும் அவரவர் எழுதும் விதத்திலேயே தமிழில் கொடுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்து. அப்படிக் கொடுக்காத பெயரை நிருபர் காதில் விழுந்தபடி எழுதுவார். அது வேறொருவர் பெயராகிவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அச்சுக்கு 300 டிபிஐ தரம் தேவை. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அல்லது டிரைவ் இணைப்பு கொடுங்கள். அந்த இணைப்பு அனுமதி கேட்காமல் திறக்க வேண்டும். கிடைமட்டமாக ஒன்று, நெடுக்காக ஒன்று, இரண்டும் வேண்டும். பக்கத்தில் எந்த வடிவத்தில் இடம் காலியாக இருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நெடுக்குப் படம் கையில் இருந்த காரணத்தாலேயே எங்கள் செய்தி ஒரு பக்கத்தின் ஓரத்தில் நன்றாகப் பொருந்தியது என்று அந்தப் பக்கத்தைச் செய்தவரே சொன்னார். படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக, படம் எடுத்தவர் பெயர், இரண்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாம். பாட்டைக் கேட்க யூட்யூபில் பட்டியலிடப்படாத இணைப்பு போதும். கணக்கு தொடங்கி உள்ளே நுழையச் சொல்லும் எந்தச் செயலியின் இணைப்பையும் நிருபர் திறக்கமாட்டார்.

இதெல்லாம் கைவேலை. கற்றுக்கொள்ளலாம். எங்களுக்குக் கடினமாக இருந்தது வேறு.

ஆல்பத்தில் பாடிய பெண்களில் மூத்தவர் ஒருவர். நாங்கள் அவரை ஆச்சி என்று அழைக்கிறோம். ஆல்பத்தின் உயிர் அவர் குரல். பத்திரிகைக்கு அவர் பெயரையும் படத்தையும்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். செய்திக்குறிப்பை எழுதும் முன் அவரிடம் போய் அமர்ந்து பேசினேன். அவர் சொன்னார்: “பாட்டு வரட்டும் தாயி. என் பெயர் வேண்டாம். நாளைக்கு அளத்தில் கேட்பார்கள், வேலை நேரத்தில் பாட்டா பாடிக்கொண்டிருந்தாய் என்று. மழைக்காலத்தில் நாங்களே கடன் வாங்கித்தான் அடுப்பு எரிக்கிறோம். இருக்கிற வேலையும் போனால் என்ன செய்வது?” அவரோடு பாடிய இன்னொரு அக்காவுக்கோ தன் பெயர் வர வேண்டும், படம் வர வேண்டும், பேத்தியிடம் காட்ட வேண்டும் என்று ஆசை.

பத்திரிகையில் வருவது எல்லோருக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. எனக்கு அது பெருமை, அடுத்த மேடை. தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு அது கங்காணியின் கேள்வி. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவர்கள் வீட்டில் வைத்து, மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டோம்: பெயர் வரலாமா, முகம் தெரியலாமா, எந்த அளம் என்று சொல்லலாமா. எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் யாரும் மறுப்புச் சொல்லத் தயங்குவார்கள். விருப்பம் தெரிவித்தவர்களின் பெயரும் படமும் மட்டும் செய்திக்குறிப்பில் இருந்தன. படங்களை அளத்தில் எடுக்கவில்லை. ஊருக்கு வெளியே கடற்கரையில், விடுமுறை நாளில் எடுத்தோம். நிருபர் அளத்தில் படம் வேண்டும் என்று கேட்டபோது, காரணத்தைச் சொன்னோம். அவர் புரிந்துகொண்டு, முகம் தெரியாமல் தூரத்திலிருந்து பாத்திகளை எடுத்துக்கொண்டார். ஆச்சியின் பாட்டு வந்தது, பெயர் வரவில்லை. பாட்டுக்குக் கிடைத்த பணத்தில் அவருடைய பங்கு மற்றவர்களைப் போலவே அவருக்குப் போகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. பெயர் வர வேண்டும் என்று விரும்பியவர்களின் பெயரைப் பத்திரிகை விட்டுவிடக் கூடாது. கிட்டார் வைத்திருப்பவரை நடுவில் நிறுத்தி, மற்றவர்களை ‘உப்பளத் தொழிலாளர்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஒரு இணைய இதழ் அப்படித்தான் செய்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் பாடகி தீயும் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்று, அவர்கள் பாடிய பாடல்களின் வரிகளை எழுதிய அறிவு இடம்பெறாமல் போனபோது இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். பின்னர் அறிவுக்கென்று தனி டிஜிட்டல் அட்டை வெளியானது. அவ்வளவு பெரிய அரங்கில் நடப்பது சிறிய அளவில் நம்மைச் சுற்றியும் நடக்கிறது. நாங்கள் இப்போது தனியாக என் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. அனுப்பும் எல்லாப் படத்திலும் பாடிய பெண்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். வெட்டினாலும் அவர்களை விட்டுவிட்டு வெட்ட முடியாது. செய்திக்குறிப்பின் இரண்டாவது வாக்கியத்திலேயே அவர்கள் பெயர் வந்துவிடுகிறது. அந்த இணைய இதழுக்கு எழுதிக் கேட்டோம், சண்டை போடாமல், சரியான பெயர்ப்பட்டியலோடு. அன்று மாலையே சேர்த்துவிட்டார்கள். இணையத்தில் திருத்தலாம்; அச்சில் வந்தது வந்ததுதான். அதனாலேயே அச்சுக்குப் போகும் குறிப்பில் கூடுதல் கவனம்.

காணொளி சேனல்கள் வேறு வகை. பேட்டி நன்றாகத்தான் போகும். பிறகு தலைப்பைப் பார்த்தால் ‘கண்ணீர்’, ‘கதறல்’ என்று இருக்கும். ஒரு சேனல் எங்கள் குழுவின் அக்கா ஒருவர் கண்ணைத் துடைத்த இரண்டு நொடியை எடுத்து முகப்புப் படமாக வைத்திருந்தது. உப்பின் வெண்மையில் வெயில் பட்டுக் கூசி அவர் கண்ணில் நீர் வருவது வழக்கம். அதைத்தான் பேட்டியில் விளக்கிக்கொண்டிருந்தார். அழைத்துச் சொன்ன பிறகு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பேட்டிக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே தலைப்பையும் முகப்புப் படத்தையும் எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுவிடுகிறோம். சிலர் மறுக்கிறார்கள். அங்கே நாங்கள் போவதில்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் வெளியான செய்தி பரவியதும் ‘சிறப்புப் பேட்டி’, ‘விருது’ என்று பெயர் வைத்துக் கட்டணம் கேட்டு அழைப்புகள் வரத் தொடங்கும். காசு கொடுத்து வருவது விளம்பரம். விளம்பரம் வேண்டுமென்றால் விளம்பரம் என்ற பெயரிலேயே கொடுக்கலாம். செய்தி என்ற போர்வையில் அதைப் பெறுவது வாசகரை ஏமாற்றுவது. பிரஸ் மீட் நடத்தி நிருபர்களுக்கு உறையில் பணம் கொடுக்கும் பழக்கத்தையும் நாங்கள் தொடவில்லை. ஒரு சிறிய குழுவுக்குப் பிரஸ் மீட்டே தேவையில்லை. மண்டப வாடகை, டீ, பேனர் என்று ஆகும் செலவில் இன்னொரு பாட்டைப் பதிவு செய்யலாம். ஒருவரோடு ஒருவராக அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் நிருபர் நன்றாக எழுதுகிறார். அண்ணாச்சி எங்களிடம் வாங்கிக்கொண்டது ஒரு டம்ளர் டீ மட்டும்தான்; அவருடைய நேர்மை எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆங்கிலப் பத்திரிகைகளுக்குத் தனிக் குறிப்பு எழுதினோம். தமிழ்க் குறிப்பை மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் கேட்பது வேறு. தமிழ் வார இதழ் மனிதர்களைக் கேட்கிறது: யார் பாடினார்கள், எப்படி வாழ்கிறார்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு. ஆங்கில இணைப்பிதழ் நிகழ்ச்சியைக் கேட்கிறது: சென்னையில் எங்கே, என்றைக்கு, டிக்கெட் எவ்வளவு, எப்படிப் பதிவு செய்தீர்கள், எந்த வாத்தியங்கள். ஆகவே சென்னையில் ஒரு சிறிய அரங்கில் பாட நாள் குறித்த பிறகே அவர்களுக்கு எழுதினோம். நிகழ்ச்சிக்கு முன்னால் வருவதுதான் அவர்கள் வழக்கம். இணைப்பிதழ்ப் பக்கங்கள் பல நாள் முன்னதாகவே முடிந்துவிடுவதால் இரண்டு வாரத்துக்கு முன்பே குறிப்பு போய்ச் சேர வேண்டும். டிசம்பரில் முயலவே வேண்டாம், நீங்கள் கச்சேரிக்காரராக இல்லாவிட்டால். ஜனவரி நல்ல மாதம். பொங்கலையொட்டி சென்னை சங்கமம் போன்ற விழாக்களால் நாட்டார் கலைகள்மீது பத்திரிகைகளின் பார்வை திரும்பியிருக்கும்.

இவ்வளவுக்கும் என்ன கிடைத்தது? பாட்டைக் கேட்டவர்களின் எண்ணிக்கை பத்திரிகையால் பெரிதாக ஏறவில்லை. செய்தித்தாளைப் படித்துவிட்டு உடனே போனை எடுத்துப் பாட்டுத் தேடுகிறவர் குறைவு. ஆனால் திருநெல்வேலியில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறை எங்களை அழைத்தது, செய்தியைப் படித்த பேராசிரியர் வழியாக. ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் பாடினோம். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர் தன் அம்மா பாடும் நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்யலாமா என்று அழைத்தார். அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பெயர் வர ஆசைப்பட்ட அக்கா அந்தப் பக்கத்தை லேமினேஷன் செய்து வீட்டில் மாட்டியிருக்கிறார். எனக்கு இவை போதுமானவை. எண்ணிக்கையை மட்டும் எதிர்பார்த்துப் பத்திரிகைக்குப் போகிறவர் ஏமாந்துபோவார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செய்தி வெளியான அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. பத்திரிகையில் இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். முழுப் பக்கத்தையும், மேலே பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். கட்டுரையை மட்டும் கத்தரித்தால் பிறகு எங்கே, என்றைக்கு வந்தது என்று காட்ட வழியில்லை. மாவட்டப் பக்கம் பல சமயம் இணையதளத்தில் ஏறாது, இ-பேப்பரில் மட்டும் இருக்கும். பழைய பக்கங்களை எப்போதும் இலவசமாகப் பார்க்க முடியாது. அதனால் அன்றைக்கே சேமித்துவிட வேண்டும். நிதியுதவிக்கும் விழாக்களுக்கும் விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். நிருபருக்கு ஒரு நன்றி அழைப்பு போதும். அந்த அழைப்பில் அடுத்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். செய்தியைப் பகிரும்போது எழுதியவரின் பெயரையும் குறிப்பிடுங்கள். மாவட்ட நிருபர்களில் பலருக்குப் பத்திரிகையில் பெயரே வருவதில்லை. அண்ணாச்சியின் செய்திக்குக் கீழேயும் அவர் பெயர் இல்லை; நாங்கள் பகிர்ந்தபோது, அவரிடம் கேட்டுக்கொண்டு, பெயரைச் சேர்த்துப் பகிர்ந்தோம்.